பல்பை மாற்றும் முன் மடையைப் பாருங்கள்

மீத்தேன் என்றால் என்னவென்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மன்னார்குடிப் பக்கம் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து வருஷக்கணக்கில் போராட்டம் நடந்தது. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்தது. ஆனால் குறுவைக்குக் குறுவை, அதன் பின் நடும் இரண்டாம் போகத் தாளடிக்குத் தாளடி நம் வயல் மேலே அனுப்பும் மீத்தேனைப் பற்றி எங்கேயும் பேச்சில்லை. கார்பனைக் குறைப்போம் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதினால், கீழே ஒரு எல்இடி பல்பும் ஒரு மரக்கன்றும் வரைந்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரியும் வீடு என்றால் வருஷத்துக்கு 1,200 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு. ஆக 840 கிலோ. 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று எரிந்தால் 42 கிலோ. வருஷத்துக்கு எட்டு சிலிண்டர் வாங்கினால் 336. வண்டிக்கு மாதம் பத்து லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 276. எல்லாம் சேர்த்தால் ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு.

இனி வயல். பன்னாட்டுக் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2019-ல் திருத்திய கணக்கீட்டு முறைப்படி, தெற்காசியாவில் விடாமல் தண்ணீர் நிற்கும் நெல்வயல் ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 0.85 கிலோ மீத்தேன் விடுகிறது. 112 நாள் பயிருக்கு 95 கிலோ, ஏக்கருக்கு 38 கிலோ சொச்சம். பூமியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கார்பன்-டை-ஆக்சைடுக்குச் சமம். ஆக ஒரு ஏக்கர், ஒரு போகம்: ஒரு டன். ஒரு வேலி (சுமார் 6.6 ஏக்கர்) நிலத்தில் குறுவையும் தாளடியும் எடுப்பவருக்கு வருஷத்துக்குப் பதின்மூன்று டன்னுக்கு மேல். இது சராசரிதான். மண்ணைப் பொறுத்தும், உள்ளே மடக்கிய தழை வைக்கோலைப் பொறுத்தும் கூடும், குறையும். ஆனால் எவ்வளவு குறைந்தாலும் பல்பு கிட்டே வராது.

தண்ணீர் நின்றால் ஏன் மீத்தேன்

தண்ணீர் மூடிய சேற்றுக்குள் காற்று இறங்காது. காற்று இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் பொருளைத் தின்று மீத்தேனாக விடுகின்றன. சேற்றில் கால் வைத்தால் வரும் குமிழி அதில் சின்னப் பங்குதான். பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே மேலே போகிறது. தண்ணீர் வடிந்து காற்று உள்ளே போனால் அந்த நுண்ணுயிர்கள் முடங்கும். மறுபடி தண்ணீர் கட்டினாலும் அவை உடனே எழுந்துவிடாது, சில நாள் ஆகும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விவசாயம் செய்வதன் மொத்த சூட்சுமமும் அந்தச் சில நாளில்தான்.

அதே ஐபிசிசி கணக்கில், நடுவே ஒரே ஒரு முறை வயலைக் காயவிட்டால் 29 சதம் குறைகிறது. பல முறை என்றால் 45 சதம். ஏக்கருக்கு முதலாவது 300 கிலோ, இரண்டாவது 470 கிலோ. வீட்டு கேஸ் அடுப்பை வருஷம் முழுக்க அணைத்து வைத்தாலும் 336-தான்.

செய்முறைக்கு வேண்டிய கருவி, மண்ணுக்குள் தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு குழாய்த் துண்டு. ஆறு அங்குலப் பிவிசி குழாயில் 30 சென்டிமீட்டர் நீளம் வெட்டுங்கள். கீழ்ப்பாதியில் சுற்றிலும் 5 மில்லிமீட்டர் துளைகள், துளைக்குத் துளை 2 சென்டிமீட்டர் இடைவெளி. வரப்பிலிருந்து இரண்டு தப்படியாவது உள்ளே, மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் வயலின் நடுத்தரமான இடத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம் இறக்குங்கள். அதற்குப் பிறகு செய்ய வேண்டிய ஒன்றைத்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்: குழாய்க்குள் இருக்கும் சேற்றைக் கையால் அடிவரை அள்ளி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அது குழாய் இல்லை, சேறு அடைத்த தம்ளர். தண்ணீர் கட்டியதும் உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் துளை அடைத்துக்கொண்டது. களிமண்ணில் முதல் இரண்டு பாய்ச்சலுக்கு இது சகஜம், மறுபடி சுத்தம் செய்தால் சரியாகிவிடும்.

நட்ட பத்துப் பதினைந்து நாள் வரை வழக்கம்போல மெல்லிசாகத் தண்ணீர் நிற்கட்டும். களை அதிகமுள்ள வயலென்றால் மூன்று வாரம் வரை பொறுங்கள். பிறகு 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்டி அப்படியே விட்டுவிடுங்கள். மேலே தண்ணீர் மறைந்த பிறகும் குழாய்க்குள் மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். தரைமட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் போனதும் மறுபடி 5 சென்டிமீட்டர். இந்த அளவுக்குள் நிறுத்தினால் பொதுவாக மகசூல் அடிபடாது, வேர் அந்த ஆழத்திலிருந்து தண்ணீரை எடுத்துக்கொள்ளும். பூக்க ஒரு வாரம் முன்னும் பூத்து ஒரு வாரம் பின்னும் மட்டும் காயவே விடக்கூடாது. அப்போது காய்ந்தால் பதர் விழும். அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் எல்லாரும் எப்படியும் வடிப்பதுதான்.

புத்தகத்தில் இருக்கும் 15 சென்டிமீட்டர் எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. பழைய டெல்டாவின் கனத்த களி வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பு விரல் நுழையும் அளவுக்குப் போய்விட்டால் அடுத்த பாய்ச்சலில் பாதித் தண்ணீர் அதன் வழியே நேராகக் கீழே போய்விடும். தண்ணீர் மிச்சமாவதற்குப் பதில் மோட்டார் இரண்டு மடங்கு ஓடும். அங்கே குழாயை நம்பாதீர்கள், மண்ணைப் பாருங்கள்: மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் மடையைத் திறந்துவிட வேண்டும். பட்டுக்கோட்டை, ஒரத்தநாட்டுப் பக்கத்து மணற்பாங்கான புதிய டெல்டா மண்ணில் நேர்மாறு. வெடிக்காது, ஆனால் தண்ணீர் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அங்கே குழாய் நன்றாகவே வேலை செய்யும், அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடலோர உப்பு நிலத்தில் இதைச் செய்யாதீர்கள். மேலே நல்ல தண்ணீர் நிற்பதுதான் அங்கே உப்பைக் கீழே அழுத்தி வைத்திருக்கிறது. காயவிட்டால் உப்பு மேலே ஏறிப் பயிர் நுனி கருகும்.

வயல் சமமாக இல்லாவிட்டாலும் இந்த முறை உதவாது. மேட்டில் களை மண்டும், பள்ளத்தில் தண்ணீர் வடியாமல் மீத்தேன் வந்துகொண்டே இருக்கும். பரம்பு ஒழுங்காக அடிப்பது, முடிந்தால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லேசர் லெவலர் ஓட்டுவது, அண்டை வெட்டி நண்டு வளை எலி வளை அடைப்பது எல்லாம் இதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை.

எங்கே முடியும், எங்கே முடியாது

போர் தண்ணீரோ வடிமுனைக் குழாயோ (ஃபில்டர் பாயின்ட்) உள்ள குறுவை வயல்தான் இதற்கு முதல் இடம். ஜூன் கடைசியில் நட்டால் ஜூலை, ஆகஸ்ட் வெயில் இருக்கிறது, மடை நம் கையில் இருக்கிறது. ஏடிடி 43, கோ 51 போன்ற குறுகிய வயதுப் பயிரில் நாலைந்து முறை காயவிட வாய்ப்புக் கிடைக்கும்.

ஆற்றுப் பாசனத்தை மட்டுமே நம்பியிருக்கும் கடைமடைக்காரரிடம் போய் இதைச் சொல்வது அபத்தம். முறை வைத்து விடும் தண்ணீர் அடுத்து எப்போது வரும் என்று தெரியாதபோது, வந்ததைத் தேக்கி வைப்பதுதான் புத்தி. அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. வயலுக்கு வயல் பாயும் இடத்திலும் தனியாக ஒருவர் காயவிட முடியாது. மேல்வயல் தண்ணீர் இவர் வயல் வழியாகத்தான் கீழ்வயலுக்குப் போயாக வேண்டும். ஒரு மடையில் பாயும் ஐந்தாறு பேரும் ஒரே வாரத்தில் நட்டு, ஒன்றாக அடைத்து ஒன்றாகத் திறந்தால்தான் நடக்கும்.

சம்பாவுக்கு வேறு வழி. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. அதன் பிறகு திருவாரூர், நாகை வயல்களில் தண்ணீரை வடிப்பது நம் கையில் இல்லை. வடிகாலே நிரம்பி நிற்கும். ஆகவே செப்டம்பர் முதல் வாரத்தில் நட்ட சம்பாவுக்கு, அக்டோபர் தொடக்கத்தில், தூர் கட்டி முடியும் நேரத்தில் ஒரே ஒரு நல்ல காய்ச்சல் கொடுங்கள். காலில் சேறு ஒட்டாத பதம் வரட்டும். மேலுரத்தை அப்போது வைத்துக்கொண்டு தண்ணீர் கட்டலாம். அந்த ஒரு காய்ச்சல்தான் மேலே சொன்ன 29 சதம்.

காய்ந்த மண்ணில் நேரடியாக விதைக்கும் புழுதி விதைப்புச் செய்யும் கடைமடைக்காரர்கள் தெரியாமலேயே இந்தக் கணக்கில் முன்னே நிற்கிறார்கள். முதல் ஒன்றரை மாதம் பயிர் மானாவாரி போலவே வளர்கிறது, தண்ணீர் தேங்குவதே இல்லை. விலையாகக் களை கேட்கும். விதைத்து முதல் மழை அல்லது முதல் நனைப்பு வந்த மூன்று நான்கு நாளுக்குள் பெண்டிமெத்தலின் களைக்கொல்லி அடிக்கத் தவறினால் பிறகு ஆள் விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

யூரியா

வயல் நனைந்து காய்ந்து நனையும்போது இன்னொரு வாயு கிளம்பும், நைட்ரஸ் ஆக்சைடு. கிலோவுக்குக் கிலோ, சூடாக்குவதில் கார்பன்-டை-ஆக்சைடைப்போல 273 மடங்கு. மீத்தேனில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியை இது தின்றுவிடும், முழுவதையும் இல்லை. எவ்வளவு தின்னும் என்பது யூரியாவை எப்படிப் போடுகிறோம் என்பதில் இருக்கிறது. 45 கிலோ மூட்டை ஒன்று வயலில் கரையும்போது அதிலிருக்கும் கார்பன் மட்டும் 33 கிலோ கார்பன்-டை-ஆக்சைடாகப் போகிறது. நைட்ரஸ் ஆக்சைடையும் சேர்த்தால் 75 கிலோ அளவுக்கு வரும். தொழிற்சாலைக் கணக்கு தனி.

தேங்கிய தண்ணீரில் நடுப்பகல் வெயிலில் யூரியா வீசுவதுதான் மிக மோசம். பாசி படர்ந்த தண்ணீரில் மதியம் காரத்தன்மை ஏறும், தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். தண்ணீர் மறைந்து மண் ஈரமாக இருக்கும்போது வீசி, அன்றே தண்ணீர் கட்டினால் உரம் தண்ணீரோடு கீழே இறங்கி வேரிடம் போகும். யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கை 5:4:1 என்ற அளவில் கலந்து ஒரு இரவு வைத்து மறுநாள் போடும் பழைய சிபாரிசு இன்றும் நல்லது. இலை வண்ண அட்டை இன்னும் நல்லது: நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை பத்து இலையை அட்டையோடு ஒப்பிட்டு, நிறம் 4-க்குக் கீழே போனால் மட்டும் உரம் (வெள்ளைப் பொன்னிக்கு 3). ஒப்பிடும்போது வெயில் இலையில் படக்கூடாது, உங்கள் நிழலில் வைத்துப் பாருங்கள். பக்கத்து வயல் பச்சையாக இருக்கிறதே என்று போடும் யூரியாதான் பெரும்பாலும் புகையான் பூச்சிக்குத் தீனியாகிறது.

வைக்கோல்: குறுவையை எடுங்கள், சம்பாவை விடுங்கள்

வைக்கோலை எரிக்காதே, மடக்கி உழு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். டெல்டாவில் அது பாதி உண்மை. தண்ணீர் கட்ட ஒரு மாதத்துக்கு உள்ளாக மடக்கிய வைக்கோல் மீத்தேன் நுண்ணுயிர்களுக்கு விருந்து. ஒரு மாதத்துக்கு மேல் முன்னால் மடக்கியிருந்தால், ஐபிசிசி கணக்கில் அதன் பாதிப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே.

குறுவை அறுத்துத் தாளடி நடுவதற்கு இடையே மூன்று வாரம் கிடைத்தாலே பெரிய விஷயம். அந்த வைக்கோலை உள்ளே தள்ளிச் சேறடித்தால் மீத்தேனும் ஏறும், நட்ட பயிரும் பத்து நாளில் மஞ்சளித்து நிற்கும். மக்கும் வைக்கோல் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தனக்கு இழுத்துக்கொள்வதுதான் காரணம். ஆகவே குறுவை வைக்கோல் வெளியே போக வேண்டும். அறுவடை இயந்திரம் போன மறுநாளே கட்டு கட்டும் இயந்திரத்துக்குச் சொல்லிவைத்துவிடுங்கள். ஒரு மழை விழுந்தால் வயலில் வண்டி இறங்காது, ஈரத்தோடு கட்டினால் உள்ளே பூசணம் பிடித்து மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. கட்ட முடியாமல் போனால் மேட்டில் குவித்து, டன்னுக்கு இரண்டு கிலோ உயிரியல் மட்கு கலவையும் சாணக் கரைசலும் தெளித்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். கிளறாத குவியலின் நடுவிலும் காற்றில்லை, அங்கேயும் மீத்தேன்தான்.

சம்பா, தாளடி வைக்கோலுக்கு இந்த அவசரம் கிடையாது. ஜனவரி, பிப்ரவரியில் அறுத்த பிறகு ஜூன் வரை வயல் காய்ந்துதான் கிடக்கிறது. மாட்டுக்குப் போக மிச்சத்தைப் பரப்பிவிட்டுக் கோடை உழவில் மடக்கலாம். அதற்குமுன் நெல் தரிசில் உளுந்து எடுப்பவர்களுக்கு அந்த வைக்கோலே ஈரம் காக்கும். உரமும் மோட்டாரும் அனேகமாகக் கேட்காத பயிர் அது.

மோட்டார்

விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் என்பது இரண்டு லட்சம் லிட்டர். விநாடிக்குப் பத்து லிட்டர் தள்ளும் 5 எச்பி மோட்டார் ஐந்தரை மணி நேரம் ஓட வேண்டும். 25 யூனிட், 17 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு. ஐந்து பாய்ச்சல் மிச்சமானால் 85 கிலோ. மோட்டார் எரியாமல் இருப்பது அதற்கு மேல் லாபம்.

வடிமுனைக் குழாயில் தண்ணீர் குறைந்தால் உடனே பெரிய மோட்டார் வாங்க ஓடாதீர்கள். முதலில் உறிஞ்சு குழாய் இணைப்புகளிலும் பம்ப் தண்டைச் சுற்றியிருக்கும் கிளாண்டிலும் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஃபுட் வால்வு. அடுத்து தண்ணீர் விழும் வாய். தொட்டிக்கு மேலே ஆறடி தூக்கி அருவிபோலக் கொட்ட வைத்திருப்பார்கள். மொத்த ஏற்றம் 20 மீட்டர் என்றால் அந்த ஆறடி கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு மின்சாரம்.

வீட்டுக்குள்

எல்இடி அனேகமாக எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. மின்விசிறிதான் மிச்சம். பழையது 75 வாட், மின்னணு முறையில் ஓடும் பிஎல்டிசி விசிறி 30 வாட் சுமார். தினம் பதினாறு மணி நேரம் சுற்றும் விசிறி ஒன்றை மாற்றினால் வருஷத்துக்கு 260 யூனிட், 180 கிலோ. மாட்டும்போது சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேரடி இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். அதை வைத்தே ஓட்டினால் விசிறியின் மின்னணு அட்டை சீக்கிரம் போய்விடும்.

இண்டக்‌ஷன் அடுப்பு பசுமையானது என்று விளம்பரம் சொல்கிறது. ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்யச் சுமார் 130 யூனிட் வேண்டும். நம் மின்சாரத்தில் நிலக்கரிப் பங்கு இருக்கிறபடி அது 90 கிலோ. சிலிண்டருக்கு 42 கிலோதான். மாடியில் சோலார் இருந்து பகலில் சமைத்தால் கணக்கு மாறும். இல்லாதவரை புழுங்கல் அரிசியை அரைமணி ஊறவைத்துக் குக்கரில் வைப்பதே போதும்.

மாடி சோலாருக்குப் பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, அதிகபட்சம் 78,000 மானியம். ஒரு கிலோவாட் வருஷத்துக்கு 1,400 யூனிட் அளவு தரும், கிட்டத்தட்ட ஒரு டன் குறையும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு, இலவச யூனிட்டுகள் இருப்பதால், பணக்கணக்கில் இது சுலபமாகத் திரும்பாது. 400-க்கு மேல் போகும் வீடுகள் யோசிக்கலாம்.

நம் ஊரில் சோலாருக்கு முதல் எதிரி தென்னை. வீட்டுக்குத் தெற்கே மாடித் தரையைவிட 30 அடி உயர்ந்து நிற்கும் மரத்தின் நிழல் டிசம்பர் நடுப்பகலில் 20 அடி வடக்கே விழும், காலை மாலையில் இன்னும் நீளம். ஒரு பலகையில் மட்டை நிழல் விழுந்தாலும் அதோடு தொடராக இணைத்த வரிசை முழுக்கச் சுணங்கும். இடம் பார்க்க வருபவர் ஜூனில் வந்தால் இந்த நிழல் அவர் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று: கிரிட்டோடு இணைத்த, பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் பட்டப்பகலிலும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். 2018 கஜா புயலில் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்க்காரர்கள் இதை வாங்கும் முன்னே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கடலோரத்தில் பலகையைத் தாங்கும் சட்டம் வெறும் பெயின்ட் அடித்த இரும்பாக இருக்கக்கூடாது, சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக இருக்க வேண்டும்.

நாலைந்து மாடு உள்ள வீட்டுக்கு சோலாரைவிடச் சாண எரிவாயுவே மேல் என்பது என் கட்சி. இரண்டு கன மீட்டர் கலனுக்குத் தினம் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். வரும் வாயு 0.9 கிலோ கேஸுக்குச் சமம், பதினாறு நாளில் ஒரு சிலிண்டர். குப்பைக்குழியில் கிடந்து சாணம் விடும் மீத்தேனும் குறைகிறது. டெல்டாவில் கலன் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். ஐப்பசி, கார்த்திகையில் நீர்மட்டம் தரைக்குப் பக்கத்தில் வந்துவிடும்; காலியாக விட்ட தொட்டியை அடியிலிருந்து தூக்கி விரிசல் விடவைக்கும். சித்திரை, வைகாசியில் கட்டி, மழைக்கு முன்னால் கரைசல் நிரப்பிவிட வேண்டும். சாணத்தில் வைக்கோல் துண்டும் மணலும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைப்பு அதில்தான் தொடங்குகிறது. முதலில் வரும் வாயுவில் காற்று கலந்திருக்கும், பற்றவைக்காமல் வெளியே விட்டுவிடுங்கள். சுடர் துடித்துத் துடித்து எரிந்தால் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, தாழ்வான இடத்தில் வடிகுழாய் வைத்து வாரம் ஒருமுறை திறந்துவிட வேண்டும். மாதம் ஒருமுறை எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கசியும் கலன் எரிக்காத மீத்தேனை நேராக மேலே அனுப்புகிறது, அதற்குக் கலன் கட்டாமலே இருந்திருக்கலாம்.